கிராக்கோவ் கிரீடமும் சின்னமனூர்ச் செப்பேடும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் போன் செய்தான். "பழைய நினைவுகள்னு எழுதிராத மாப்ளே. ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி ஏற்கனவே ஏழு பேர் எழுதிக் குடுத்துட்டாங்க. நீதான் ஹிஸ்டரிக்காரனாச்சே, வரலாறா ஏதாச்சும் எழுது" என்றான். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் ஒரே ஒரு பழைய நினைவைச் சொல்லாமல் இந்த வரலாற்றைத் தொடங்க முடியவில்லை. செயலாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பட்ட வகுப்பின் முதல் வாரம். எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பில் நுழைந்ததும், "இதுல யாருப்பா சின்னமனூர்?" என்று கேட்டார். பெருமையோடு எழுந்து நின்றேன். "உங்க ஊருக்கு என்னப்பா பெருமை?" என்றார். "வெத்தலை சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. உத்தமபாளையத்துப் பையன்களும் கம்பத்துப் பையன்களும் பெஞ்சைத் தட்டினார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. "தமிழ்நாட்டுல பாண்டியர் வரலாறு எழுதுறவன் எவனா இருந்தாலும் உன் ஊர்ப் பேரை எழுதாம ஒரு பக்கம் தாண்ட முடியாது. உனக்கு அது தெரியல. உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். அந்த 'உக்காரு' இன்றும் காதில் இருக்கிறது. பரீட்சைக்காகச் சின்னமனூர்ச் செப்பேடுகள் என்று நான்கு வரி மனப்பாடம் செய்தேன், எழுதினேன், மார்க் வாங்கினேன். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளை என்று வாழ்க்கை ஓடிவிட்டது. ஊருக்குள் சிவன் கோயில் வழியாக ஆயிரம் தடவை சைக்கிளில் போயிருப்பேன். அந்த நான்கு வரியை ஐந்து வரியாக ஆக்கிக்கொள்ள எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அதற்கு நான் போலந்து வரைக்கும் போய்வர வேண்டியிருந்தது.

மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். போன வருஷம் என்னையும் என் வீட்டம்மாவையும் மூன்று மாதம் அங்கே அழைத்து வைத்திருந்தான். பேத்திக்குப் பள்ளி விடுமுறை விட்டதும், "அப்பா, உங்களுக்குப் புடிச்ச மாதிரி பழைய ஊர் ஒண்ணு இருக்கு, நாலு நாள் போய்ட்டு வரலாம்" என்று ரயிலேற்றிவிட்டான். அந்த ஊர்தான் போலந்து நாட்டின் பழைய தலைநகரமான கிராக்கோவ். அந்நாட்டார் அதைக் 'கிராகுஃப்' என்பது போல உச்சரிக்கிறார்கள்.

நான் பயணக் கட்டுரை எழுத வரவில்லை. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரின் நடுவே ஒரு சந்தைத் திடல். பக்கத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் என்று சதுரமாக, 13ஆம் நூற்றாண்டில் அளந்து போட்டது. நம் ஊர்த் தேரடியைப் போல ஐந்தாறைச் சேர்த்துப் போட்டாலும் காணாது. நடுவில் பழைய ஜவுளிச் சந்தைக் கட்டடம். ஓர் ஓரத்தில் மேரி மாதா தேவாலயம். அதன் உயரமான கோபுரத்திலிருந்து மணிக்கொரு தரம் ஒருவர் நான்கு திசைக்கும் எக்காளம் ஊதுகிறார். ஊதிக்கொண்டே வந்து நடுவில் டக்கென்று நிறுத்திவிடுகிறார். 1241இல் தார்த்தாரியர் படையெடுத்து வந்தபோது, எச்சரிக்கை ஊதிய காவலாளியின் கழுத்தில் அம்பு பாய்ந்ததாம். அவன் நிறுத்திய இடத்தில்தான் இன்றும் நிறுத்துகிறார்களாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பரவலானதே 20ஆம் நூற்றாண்டில், 1928இல் ஓர் அமெரிக்கர் எழுதிய சிறுவர் நாவலுக்குப் பிறகுதான். இதைச் சொன்னதும் பேத்தி முகம் வாடிவிட்டது. "மாமா, அவ சந்தோஷமா கேட்டுக்கிட்டிருந்தா, விடுங்களேன்" என்று மருமகள் சொன்னாள். வரலாறு படித்தவனைக் குடும்பத்தோடு சுற்றுலா கூட்டிக்கொண்டு போவதில் இந்தத் தொல்லை உண்டு.

அங்குள்ள பல்கலைக்கழகம் 1364இல் தொடங்கப்பட்டது. கோப்பர்நிகஸ் அங்கே படித்தவர். அவர்கள் பழைய மாணவர் சங்கம் கூட்டினால் மலரில் யார் யார் போட்டோ போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்! ஊருக்கு வெளியே உள்ள பழைய உப்புச் சுரங்கத்துக்கும் போனோம். ஆஷ்விட்சுக்குப் போகவில்லை. பேத்திக்குப் பன்னிரண்டு வயது; இன்னும் சில வருஷம் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

நான் சொல்ல வந்தது வாவெல் என்ற அரண்மனையைப் பற்றி. விஸ்துலா ஆற்றங்கரைக் குன்றின் மேல் கோட்டையும் தேவாலயமுமாக இருக்கிறது. போலந்து மன்னர்களுக்கு அங்கேதான் முடிசூட்டு, அங்கேதான் அடக்கம். 1596இல் மூன்றாம் சிகிஸ்மண்ட் என்ற அரசர் வார்சாவுக்குக் குடிபெயரத் தொடங்கிய பிறகும் முடிசூட்டுக்கு இங்கேதான் வருவார்களாம். கருவூலத்தைப் பார்க்கத் தனிச் சீட்டு. பேத்தி கிரீடம் பார்க்க வேண்டும் என்று முதல் ஆளாக ஓடினாள். உள்ளே போனால் பழைய அரச கிரீடங்களைக் காணோம். முடிசூட்டு விழாவில் மன்னர் கையில் கொடுக்கும் வாள் ஒன்றுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாகப் படுத்திருக்கிறது.

நடந்தது இதுதான். 1795இல் போலந்தை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் கடைசி முறையாகப் பங்கு போட்டுக்கொண்டன. கிராக்கோவ் ஆஸ்திரியாவின் பங்குக்கு வந்தது. அதை ஒப்படைத்துவிட்டுப் போகுமுன் பிரஷ்யப் படைவீரர்கள் கருவூலத்தை உடைத்துக் கிரீடங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். 1809இல் அவற்றை உருக்கிவிட்டார்கள். அந்த வாள் மட்டும் கை மாறிக் கை மாறி ரஷ்யாவுக்குப் போய், 1928இல் வீடு திரும்பியது. அடுத்த யுத்தம் வந்ததும் அதை ஜெர்மானியர் கைக்குச் சிக்காமல் கனடா வரைக்கும் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். 1959இல்தான் மறுபடி வந்தது. ஒரு வாளுக்கு இவ்வளவு பாடு!

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். பேத்தி கேட்டாள்: "தாத்தா, நம்ம ஊர்ல ராஜா இருந்தாரா? அவரோட க்ரௌன் எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேராசிரியர் கேட்ட அதே கேள்வி, அரை நூற்றாண்டு கழித்து, விஸ்துலா ஆற்றங்கரையில்! இந்த முறை வெற்றிலை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "இருந்தாரும்மா. ஊருக்கு வா, காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக ஊர் திரும்பியதும் புத்தகங்களைத் தேடி உட்கார்ந்தேன். நீலகண்ட சாஸ்திரியார் 1929இல் ஆங்கிலத்தில் எழுதிய பாண்டிய அரசு வரலாறு, மத்திய அரசின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள், சதாசிவப் பண்டாரத்தாரின் பாண்டியர் வரலாறு என்று ஐந்தாறு மாதம் ஓடியது. படிக்கப் படிக்க, என் பேத்தியின் கேள்வி வேடிக்கைக் கேள்வி அல்ல என்று தெரிந்தது. நம் ஊர் ராஜாவின் கிரீடமும் காணாமல்தான் போயிருக்கிறது!

நம் பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் அள நாடு. சின்னமனூருக்கு அரிகேசரிநல்லூர் என்று பெயர். அரிகேசரி என்பது பாண்டியர் பட்டப்பெயர்; பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊர். இப்போதைய பெயர் நாயக்கர் காலத்தில், சின்னமநாயக்கனூர் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். இங்கே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்தவைதான் சின்னமனூர்ச் செப்பேடுகள். சிறியது, பெரியது என இரண்டு தொகுதிகள். சிறியது முழுமையாக இல்லை. பெரியதுதான் முக்கியம். அதை வெளியிட்டவன் கடைசி முற்காலப் பாண்டியனான இராசசிம்மன், தன் 16ஆம் ஆட்சியாண்டில். இவனை இரண்டாம் இராசசிம்மன் என்று சிலரும், மூன்றாம் இராசசிம்மன் என்று சிலரும் எண்ணுவார்கள். குழம்ப வேண்டாம், ஆள் ஒருவன்தான். காலம் ஏறத்தாழ கி.பி. 900 முதல் 920 வரை.

செப்பேட்டில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்தில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். பாண்டிய நாட்டில் தமிழ் எழுத அப்போது வட்டெழுத்துத்தான் வழக்கம். நாம் இன்று எழுதும் தமிழ் எழுத்தின் மூதாதை, சோழர்கள் மதுரையைப் பிடித்த பிறகு இங்கே பரவியது. ஆக, நம் பள்ளிக்கூடத்து 'அ, ஆ'விலேயே இராசசிம்மனின் தோல்வி கொஞ்சம் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்பாதியில் வம்சப் பெருமை. இமயத்தில் கயலைப் பொறித்தது, இந்திரனின் ஆரத்தைப் பெற்றது, தலையாலங்கானத்தில் வென்றது என்று புராணமும் சரித்திரமுமாகக் கலந்து வரும். மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியரின் சாதனையாகச் சொல்லும் பகுதியும் இதில்தான் இருக்கிறது. சங்கம் இருந்ததா இல்லையா என்று யார் வாதிட்டாலும், இருந்தது என்பவர்கள் முதலில் எடுத்துப் போடும் சான்றுகளில் ஒன்று நம் ஊர்ச் செப்பேடு. பேராசிரியர் சொன்ன 'ஒரு பக்கம் தாண்ட முடியாது' என்பதற்கு அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்து இராசசிம்மனின் போர்கள். உலப்பிலிமங்கலத்தில் வென்றானாம். நெய்ப்பூரில் தஞ்சை வேந்தனைத் தோற்கடித்தானாம். கொடும்பாளூர், வஞ்சி, நாவல் என்று பட்டியல் நீள்கிறது. தஞ்சை வேந்தன் என்றால் சோழன். அப்போது அங்கே ஆண்டவன் முதலாம் பராந்தகன் (907–955). அவன் சாமானியன் அல்ல. ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே மதுரை கொண்டவன் என்று பட்டம் போட்டுக்கொண்டவன். அதாவது இந்தச் செப்பேட்டை வெட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே யுத்தம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வென்ற சண்டைகளை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறான். தோற்ற சண்டையைத் தாமிரத்தில் வெட்டச் சொல்லும் ராஜா எங்கே இருக்கிறான்? அதை எதிராளிதான் எழுதி வைப்பான். அப்படியே உதயேந்திரம் செப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

மீதிக் கதை நம்மவர் எழுதியதில் இல்லை, இலங்கையில் இருக்கிறது. மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் அதைச் சொல்கிறது. பாண்டியன் உதவி கேட்டதும் ஐந்தாம் காசியப்பன் சக்க சேனாபதி தலைமையில் படை அனுப்பினான். வெள்ளூரில் பெரும்போர். பாண்டியனும் சிங்களவரும் சேர்ந்தே தோற்றார்கள். பிறகு இலங்கைப் படையில் கொள்ளைநோய் விழுந்து சேனாபதியே மாண்டுபோனான். மிச்சமிருந்த வீரர்களைக் காசியப்பன் திரும்ப அழைத்துக்கொண்டான். நாடிழந்த பாண்டியன் கடல் கடந்து இலங்கைக்கே போனான். அப்போது அங்கே நான்காம் தப்புலன் அரசன் (924–935). அவனுக்கு உதவி செய்ய மனம் இருந்தது. ஆனால் பிரபுக்களின் சண்டை விடவில்லை. காத்திருந்து பார்த்த பாண்டியன், தன் முடியையும் ஆபரணங்களையும் அங்கேயே விட்டுவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டான். அவன் தாய் வானவன்மாதேவி சேரர் குலப் பெண். தாய் வீட்டுப் பக்கம் போனான் என்று கொள்ளலாம்.

இந்த இடத்தில் நம் பள்ளத்தாக்குக்காரர்கள் பலருக்கும் ஓர் ஆசை வரும். 'கேரளத்துக்குப் போனவன் நம் கம்பம், கூடலூர் வழியாகத்தானே போயிருப்பான்?' எனக்கும் வந்தது. ஆனால் அவன் போனது இலங்கையிலிருந்து, கடல் வழியே. மலை ஏறினான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பூஞ்சாறு அரச குடும்பத்தார் தங்களைப் பாண்டியர் வழியினர் என்று சொல்லிக்கொள்வது உண்மைதான். அது வேறு காலம், வேறு கதை. இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சிறப்பிதழ்களில் எழுதுகிறார்கள். நம் மலரிலாவது அந்தத் தப்பு வேண்டாம்.

இலங்கையில் தங்கிவிட்ட கிரீடம் சும்மா இருக்கவில்லை. மதுரையைப் பிடித்த பராந்தகன் பாண்டியர் முடியோடு பட்டம் கட்டிக்கொள்ள விரும்பினான். நான்காம் உதயனிடம் (946–954) கேட்டு ஆள் அனுப்பினான், உதயன் மறுத்தான். படை எடுத்தான், உதயன் கிரீடத்தோடு தெற்கே ரோகண மலைநாட்டுக்குள் ஓடி ஒளிந்தான். சோழப் படை வெறுங்கையோடு திரும்பியது. கடைசியில் பராந்தகனின் வழிவந்த முதலாம் இராசேந்திரன் காலத்தில், 1017ஐ ஒட்டி நடந்த ஈழப் படையெடுப்பில்தான் அது கிடைத்தது. பாண்டியன் அங்கே ஒப்படைத்துவைத்த முடியையும் இந்திர ஆரத்தையும் கொண்டுவந்ததை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது. எண்பது, தொண்ணூறு வருஷம் ஒரு கிரீடத்தை இரண்டு நாடுகள் துரத்தியிருக்கின்றன. வாவெல் வாளின் கதையைக் கேட்டு வாயைப் பிளந்தோமே, நம் கதை அதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

இவ்வளவையும் படித்து வைத்துக்கொண்டு பேத்தியின் வரவுக்காகக் காத்திருந்தேன். இந்த வருஷம் லீவுக்கு வந்தார்கள். ஆனால் வந்த காரணம் வேறு.

எங்களுக்கு முல்லையாற்றுப் பாசனத்தில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் நஞ்சை இருந்தது. என் தாத்தா வாங்கியது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வரப்பில் நின்று வேலை வாங்க என் கால் ஒத்துழைப்பதில்லை. விற்றுவிடலாம் என்று பேசி முடித்திருந்தோம். வாங்குகிறவர் மகனும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அதற்காகத்தான் பத்து நாள் லீவில் வந்தான். பத்திரம் பதிவு செய்யும் நாளுக்கு முந்தின நாள் முழுவதும் கையில் இருந்தது. "அப்பா, நாளைக்கு அந்த வேலை இருக்கு. இன்னைக்கு எங்கயாச்சும் போவோம். சும்மா வீட்டுல உக்காந்தா அம்மா அழுதுக்கிட்டே இருப்பாங்க" என்றான்.

காலையில் முதலில் எங்கள் ஊர்ப் பூலாநந்தீஸ்வரர் கோயில். தல வரலாற்றில் வரும் அரசனும் இராசசிம்மன்தான். பூலாச்செடிக் காட்டில் பால் கொண்டுபோனவன் அதே இடத்தில் தினமும் இடறி விழுந்தானாம். வெட்டிப் பார்த்தபோது ரத்தம் கசிந்ததாம். ஓடி வந்த அரசன் கட்டிப்பிடிக்க முடியாத உயரத்தில் நின்ற லிங்கம், அவன் உருகி அழைத்ததும் அவன் அளவுக்குக் குறுகிக் கொடுத்ததாம். அதனால் அளவுக்கு அளவானவர் என்று சாமிக்குப் பெயர். தழுவியபோது பட்ட மார்பணியின் தடம் லிங்கத்தில் இருப்பதாகவும் சொல்வார்கள். பேத்தி நுனிக்காலில் எம்பி நின்று பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்: "தாத்தா, இதுவும் லேட்டா யாராவது எழுதுன கதையா?"

குருக்கள் பக்கத்தில் நின்றிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது. தோற்றுப்போய், முடியை அந்நிய நாட்டில் விட்டுவிட்டு, திரும்பி வராமலே போன ஒரு ராஜாவை ஊர் மறந்துவிடவில்லை. தோல்வியை மறந்துவிட்டு, அவன் சாமியைக் கட்டிப்பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டது. அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

"செப்பேடு எங்க?" என்று அடுத்த கேள்வி. அது ஊரை விட்டுப் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்றதும் அவளுக்கு ஏமாற்றம். இங்கே கண்ணாடிப் பெட்டி இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை, காதில் மாட்டிக் கேட்கும் கருவி இல்லை. தேரடியில் வெற்றிலைக் கவுளி அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒரு கொழுந்து வாங்கி அவள் கையில் கொடுத்தேன். பேராசிரியர் மன்னிப்பாராக!

பிறகு உத்தமபாளையம். கல்லூரி வாசலில் காரை நிறுத்தி எல்லோரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து கருப்பணசாமி கோயில் பாறைக்குப் போனோம். திருக்குணகிரி என்பது அதன் பழைய பெயர். பாறையில் இரண்டு வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர் பெயர்கள். தமிழ்நாட்டின் பல மலைகளில் தடம் பதித்த அச்சணந்தியின் பெயரும் அவற்றில் உண்டு. சடையன் மாறன் என்ற பாண்டியன் காலத்துக் கல்வெட்டும் இங்கே இருக்கிறது. சடையன் மாறன் வேறு யாருமில்லை, நம் இராசசிம்மனேதான். ஆக, அவன் காலத்து எழுத்தைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் மூன்று வருஷம் நாம் படித்திருக்கிறோம். கட் அடித்துவிட்டு அந்தப் பாறை நிழலில் படுத்துத் தூங்கியவர்கள் இந்த மலரைப் படிக்கிறவர்களில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

பேத்தி வட்டெழுத்தின் வளைவுகளைக் கிட்டே போய்ப் பார்த்து, விரலைக் காற்றில் ஓட்டி எழுதிக்கொண்டே இருந்தாள். அங்கேதான் அதிக நேரம் நின்றாள்.

லோயர் கேம்புக்கும் போனோம். பென்னிகுயிக் மணிமண்டபம் 2013இல் திறந்தது. அவரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவரைப் பற்றி எழுதாத மலர் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. 1895இல் அணை திறந்ததிலிருந்துதான் மேற்கே போன பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வருகிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரால். அந்த 14,707இல் ஒரு ஏக்கர் இருபது சென்ட் அன்று சாயங்காலம் வரைக்கும் எங்களுடையது. என் வீட்டம்மா சிலைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். மகன் அவள் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டான்.

அன்று ராத்திரி, மறுநாள் பதிவாகப் போகும் பத்திர நகலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தச் செப்பேட்டுல அப்படி என்னதான் தாத்தா எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை நாள் வம்சப் பெருமையையும் சண்டையையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தேனே, செப்பேடு வெட்டியதே வேறு காரியத்துக்கு! அது ஒரு நிலப் பத்திரம். அள நாட்டில் இருந்த நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரை மந்தரகௌரவமங்கலம் என்று தன் பட்டப்பெயரால் மாற்றி, ஒரு பிராமணருக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம். பாண்டியரும் பல்லவரும் இப்படி ஊர் கொடுக்கும்போது, பெண் யானையை நடத்தி அது சுற்றி வந்த தடத்தை எல்லையாக வைத்து, கல்லும் கள்ளியும் நட்டு, நான்கெல்லையும் விவரமாக எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். யாராரோ சாட்சி, யாரோ எழுதியவர், யாரோ வெட்டியவர். அந்த மந்தரகௌரவமங்கலம் என்ற பெயரில் இன்று இங்கே ஊர் கிடையாது.

என் கையில் இருந்த பத்திரத்தை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னார் தென்னந்தோப்பு. "அதே மாதிரியே இருக்கு தாத்தா" என்றாள். ஆமாம், அதே மாதிரிதான்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் கூட்டம். டோக்கன் எண் வந்து, போட்டோ எடுத்து, பெருவிரல் ரேகை வைத்து, மகன் கையெழுத்துப் போட்டு, நானும் போட்டு முடிய மதியம் ஆகிவிட்டது. வாங்கியவர் நல்ல மனுஷன். "அய்யா, நீங்க எப்ப வேணும்னாலும் வந்து வரப்புல நின்னு பாக்கலாம்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. தலையை ஆட்டினேன். பேத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, யானை வரலையே?"

அவளுக்கு என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. மகன்தான் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான், அந்த வயதுப் பிள்ளையை.

நண்பர்களே, இந்தச் சந்திப்புக்குத் தேனி வழியாக வருகிறவர்கள் நேராக உத்தமபாளையத்துக்குச் சீட்டு வாங்காமல் சின்னமனூரில் இறங்கிக்கொள்ளுங்கள். கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே வர வேண்டும். தரிசனம் முடிந்து கருப்பணசாமி பாறைக்கும் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குள் கல்லூரிக்கு வந்துவிடலாம். முந்தின நாளே எனக்குப் போன் செய்துவிட்டால் நான் கோயில் வாசலில் நிற்பேன். வெற்றிலையும் வாங்கி வைத்திருப்பேன்.